பனிக்காலத்தில் மட்டும் வரும் கோயோட்டி

ஜூலை மாதத்து வெயிலில் ஒரு நவஹோ குழந்தை தாத்தாவிடம் போய்க் கோயோட்டி கதை கேட்டால், மரபு அறிந்த தாத்தா சொல்லமாட்டார். முதல் உறைபனி விழ வேண்டும். பாம்புகள் வளைக்குள் முடங்க வேண்டும், கரடிகள் உறங்கப் போக வேண்டும். அதன் பிறகு, வசந்தத்தின் முதல் இடி முழங்கும் வரைதான் அந்தக் கதைகளுக்குக் காலம். பருவம் தவறிச் சொன்னால் சொன்னவருக்கும் கேட்டவருக்கும் கேடு வரும் என்பது நம்பிக்கை.

நமக்கு இது வியப்பாக இருக்கலாம். பாடநூலில் கதை எந்த வாரத்தில் வருகிறதோ அந்த வாரத்தில் சொல்லிப் பழகியவர்கள் நாம். உலக நாட்டுப்புறக் கதைகளை வகுப்பறைக்குக் கொண்டுவரும் ஆசிரியர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். கோயோட்டி கதைகளும் எளிதில் கிடைக்கின்றன. 'தந்திர நரி' என்று தலைப்பை மாற்றி, கடைசியில் ஒரு நீதியை ஒட்டவைத்துச் சொல்லிவிடலாம், மாணவர்களும் சிரிப்பார்கள். ஆனால் அப்படிச் சொல்லும்போது கதையின் உயிரான பகுதி கைநழுவிப் போய்விடுகிறது. அது என்ன என்று பார்ப்போம்.

நவஹோ மக்கள் தங்களை 'டினே' என்று அழைத்துக்கொள்கிறார்கள். 'மக்கள்' என்பதே அதன் பொருள். அமெரிக்காவின் தென்மேற்கில் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் பரவிக்கிடக்கிறது அவர்களின் நிலம். ஏறத்தாழ 70,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்குச் சற்று அதிகம். செம்மண் பாறைகளும் வறண்ட சமவெளியும் ஆட்டு மந்தைகளும் மக்காச்சோள வயல்களும் கொண்ட நாடு. திசைக்கு ஒன்றாக நான்கு புனித மலைகள் அதன் எல்லை.

அந்த நிலத்தில் இரவெல்லாம் ஊளையிட்டுத் திரியும் விலங்குதான் கோயோட்டி. ஓநாயைவிடச் சிறியது, நாய், ஓநாய் இனத்தைச் சேர்ந்தது. பழைய மெக்சிகோவின் நவாட்டல் மொழியிலிருந்து ஸ்பானிய மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பெயர் அது. நவஹோ மொழியில் 'மாஈ' என்பார்கள். தமிழில் இதை 'நரி' என்று பெயர்த்தால், திராட்சைக்கு எம்பிய நரியும் காக்கையிடம் வடையைப் பறித்த நரியும் நம் மனத்தில் வந்து உட்கார்ந்துவிடும். எனவே கோயோட்டி என்றே வைத்துக்கொள்வோம். இன்னொன்று: இக்கட்டுரையில் கோயோட்டியை 'அது' என்று எழுதவில்லை, 'அவன்' என்றே எழுதுகிறேன். காரணம் போகப்போகத் தெரியும்.

மரணத்தைக் கொண்டுவந்தவன்

நவஹோ மரபின்படி மனிதர்களின் முன்னோர், ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த கீழுலகங்களிலிருந்து ஏறி ஏறி இந்த உலகத்துக்கு வந்தவர்கள். அந்தப் பயணத்தில் கோயோட்டி ஆரம்பத்திலிருந்தே உடன் இருக்கிறான். தெய்வங்களின் அவையில் அவனுக்கு இடம் உண்டு. ஆனால் அவனை நம்பி ஒரு வேலையை ஒப்படைக்க யாருக்கும் மனம் வராது. 'முதலில் சினந்தவன்' என்று பொருள்படும் புனிதப் பெயர் ஒன்றும் அவனுக்கு இருக்கிறது.

கீழுலகில் இருந்தபோது நீரில் வாழும் பெரும் பூதத்தின் குட்டியைத் திருடிவிடுகிறான். காரணம் எதுவும் இல்லை, கண்டான், எடுத்துக்கொண்டான். பூதம் சினம்கொண்டு வெள்ளத்தை ஏவுகிறது. மக்கள் ஒரு பெரிய நாணலுக்குள் புகுந்து மேலுலகுக்கு ஏறுகிறார்கள். வெள்ளமோ விடாமல் பின்னால் வருகிறது. அப்போதுதான் எல்லோரும் கவனிக்கிறார்கள்: கோயோட்டி மட்டும் தன் தோல் மேலாடையைக் கழற்றவே இல்லை. கழற்றச் சொல்லிப் பார்த்தால் உள்ளே குட்டி. அதைத் திருப்பிக் கொடுத்ததும் வெள்ளம் வடிகிறது. எல்லோரையும் சாகக் கொடுத்திருப்பான். ஆனால் அவன் திருடியிராவிட்டால் மனிதர்கள் இந்த உலகத்துக்கு வந்திருக்கவும் மாட்டார்கள்.

அடுத்தது மரணக் கதை. மேலுலகுக்கு வந்த மக்கள் தங்கள் விதி என்னவென்று அறிய விரும்புகிறார்கள். தோல் சுரண்டும் கருவி ஒன்றை ஒருவர் நீரில் போடுகிறார். மிதந்தால் நமக்கு வாழ்வு, மூழ்கினால் சாவு. கருவி மிதக்கிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. அங்கே வந்து சேர்கிறான் கோயோட்டி. "நானும் ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன்" என்று அதே சொற்களைச் சொல்லி, ஒரு கல்லை எடுத்து நீரில் எறிகிறான். கல் மிதக்குமா? எல்லோரும் அவனைத் திட்டித் தீர்க்கிறார்கள். அவன் அமைதியாகச் சொல்கிறான்: யாரும் சாகாமல் பெருகிக்கொண்டே போனால் இந்தப் பூமி போதாது, மக்காச்சோளம் விதைக்கக்கூட இடம் இருக்காது, கொஞ்ச காலம் இருந்துவிட்டு, பிள்ளைகளுக்கு இடம் விட்டுப் போவதுதான் நல்லது. திட்டியவர்கள் வாயடைத்துப் போகிறார்கள்.

1897இல் வாஷிங்டன் மேத்யூஸ் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் வெளியிட்ட நவஹோ புராணத் தொகுப்பில் இந்தக் கதை இருக்கிறது. பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் இதைச் சொல்லி, "கோயோட்டி செய்தது சரியா, தவறா?" என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். நவஹோ மரபு அந்தக் கேள்விக்கு ஒரே பதிலைத் தருவதில்லை.

கலைந்த வானம்

விண்மீன்களின் கதை பல வடிவங்களில் வழங்குகிறது. சிலவற்றில் கரிய தெய்வம், சிலவற்றில் ஆதிப்பெண் விண்மீன்களை வானில் பதிக்கிறார்கள். ஒரு வடிவத்தில், மக்கள் வாழவேண்டிய நெறிகளை எல்லோரும் படிக்கும்படி எங்கே எழுதுவது என்று ஆதிப்பெண் யோசிக்கிறாள். மணலில் எழுதினால் காற்று கலைத்துவிடும். நீரில் எழுதினால் நிற்காது. வானத்தில் எழுதலாம் என்று முடிவுசெய்து, போர்வையில் பரப்பி வைத்த விண்மீன்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பொறுமையாக அடுக்குகிறாள். கோயோட்டி உதவிக்கு வருகிறான். இரண்டு, மூன்று வைப்பதற்குள் சலித்துவிடுகிறது. போர்வையின் முனையைப் பிடித்து ஒரே உதறு! அத்தனை விண்மீன்களும் வானமெங்கும் சிதறுகின்றன. அடுக்கி வைத்த சில மட்டும் உருவங்களாக நிற்கின்றன. மீதி கலைந்தது கலைந்ததுதான். எழுதி முடிக்காத நெறிகளின் கீழேதான் மனிதர்கள் வாழ்கிறார்கள்.

கோயோட்டி தனக்கென்று ஒரு விண்மீனையும் வைத்துக்கொண்டான் என்கிறது மரபு. அது எந்த விண்மீன் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆய்வாளர்கள் பலர் சுட்டுவது கானோபஸ் விண்மீனை. நாம் அகத்தியர் பெயரால் அழைக்கும் அதே விண்மீன்.

பகலும் இரவும் பந்தயம் வைத்த கதையிலும் அவனைப் பார்க்கலாம். எப்போதும் பகலாகவே இருக்க வேண்டும் என்று பகல் விலங்குகள். எப்போதும் இரவாகவே இருக்க வேண்டும் என்று இரவு விலங்குகள். மணலில் புதைத்த தோல் காலணிகளுக்குள் ஒரு பொருளை ஒளித்துவைத்துக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. கணக்குக்கு 102 குச்சிகள். கோயோட்டி எந்தக் கட்சி? எந்தப் பக்கம் ஜெயிக்கிறதோ அந்தப் பக்கம். அது தோற்கத் தொடங்கினால் மறுபக்கம். கடைசியில் விடிந்துவிடுகிறது, யாருக்கும் வெற்றி இல்லை. அதனால்தான் பகலும் இரவும் மாறிமாறி வருகின்றன. விடிந்த அவசரத்தில் கரடி தன் காலணிகளை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடியதாம். அதன் நடை இன்றும் அப்படித்தான் இருக்கிறது என்பார்கள். தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு இந்தக் கரடி ஒன்றே போதும்.

பேராசையின் வால்

இவ்வளவு பெரிய செயல்களைச் செய்தவனேதான் குழந்தைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் முட்டாளும். 'ஓடித் திரியும் கோயோட்டி' என்ற வகைக் கதைகளில் அவனுக்கு ஓயாத பசி. எப்போதும் எங்கோ ஓடிக்கொண்டே இருப்பான்.

ஒரு கதையில் அவன் வளைவாழ் நில அணில்களைத் தின்ன ஆசைப்படுகிறான். ஆங்கிலத்தில் இவற்றுக்குப் 'பிரெய்ரி நாய்' என்று பெயர்; நாய்க்கும் இவற்றுக்கும் உறவில்லை. கோயோட்டி செத்தவன் போல் விறைத்துப் படுத்துக்கொள்கிறான். புழுப் போலத் தெரியும் புல்விதைகளைத் தன் உடம்பில் வைக்கச் செய்து, ஸ்கங்க்கைத் தூது அனுப்புகிறான். நாற்றத் திரவம் பீய்ச்சும் கறுப்பு வெள்ளை விலங்கு அது. "நம் எதிரி செத்துவிட்டான், வந்து பாருங்கள்!" அணில்கள் கூட்டமாக வந்து பிணத்தைச் சுற்றி ஆடுகின்றன. "மேலே பாருங்கள்!" என்கிறது ஸ்கங்க். எல்லாம் அண்ணாந்து பார்க்க, கண்ணில் விழுகிறது திரவம். அவை தடுமாறும்போது கோயோட்டி துள்ளி எழுந்து தடியால் அடித்துக் குவிக்கிறான்.

இறைச்சியைத் தணலில் புதைத்தாயிற்று. பங்கிட வேண்டும். கோயோட்டிக்கு மனம் வருமா? "ஓட்டப்பந்தயம் வைப்போம், ஜெயித்தவனுக்கு நல்ல இறைச்சி" என்கிறான். ஸ்கங்க்கை வெல்வது அவனுக்கு எளிது. முன்னால் ஓடவும் விடுகிறான். ஸ்கங்க் சிறிது தூரம் போய் ஒரு பொந்தில் ஒளிந்துகொள்கிறது. கோயோட்டி அதைக் கடந்து மூச்சிரைக்க ஓடிப்போகிறான். ஸ்கங்க் திரும்பி வந்து கொழுத்த அணில்களை எல்லாம் எடுத்துக்கொண்டு, வால்களை மட்டும் சாம்பலில் நட்டுவைத்துவிட்டுப் பாறைமேல் ஏறி அமர்ந்துகொள்கிறது. வேர்க்க விறுவிறுக்க வந்த கோயோட்டி ஒரு வாலைப் பிடித்து இழுக்கிறான். வால் மட்டும் வருகிறது. "அடடா, நன்றாக வெந்துவிட்டது, கழன்று வருகிறதே!" என்று மகிழ்கிறான். அடுத்த வால். அதுவும் அப்படியே. பிறகு மேலிருந்து எலும்புகள் ஒவ்வொன்றாக வந்து விழுகின்றன.

நீதி என்ன என்று கதையின் முடிவில் யாரும் கேட்பதில்லை.

கதைசொல்லியும் ஆய்வாளரும்

நவஹோ கதைகளை வகுப்பில் சொல்ல நினைக்கும் ஆசிரியர் அறிய வேண்டிய ஒரு பெயர் யெல்லோமேன். யூட்டா மாநிலத்தின் தெற்கில் வாழ்ந்த நவஹோ கதைசொல்லி. 1950களில் யுரேனியம் தேடி அங்கே போன பாரி டோல்கன் என்ற இளைஞர் கடுமையாக நோயுற்றபோது காப்பாற்றித் தங்கள் வீட்டுப் பிள்ளையாக வைத்துக்கொண்டது யெல்லோமேனின் குடும்பம். டோல்கன் பின்னாளில் பெயர்பெற்ற நாட்டுப்புறவியல் அறிஞரானார். 1960களில் யெல்லோமேன் கதைகளை ஒலிநாடாவில் பதிவுசெய்தார்.

அவர் எழுதியுள்ள ஒரு நிகழ்ச்சியைப் படித்ததிலிருந்து எனக்கு மறக்கவில்லை. ஒரு முன்னோர் புனித நெருப்பைக் காத்து ஒப்படைத்ததற்குப் பரிசாகப் பனி உண்டான கதையை யெல்லோமேன் சொல்லி முடிக்கிறார். ஒரு சிறுவன் கேட்கிறான்: கதையில் சொன்ன இடத்தில் பனி பெய்வதற்குக் காரணம் தெரிந்தது, பக்கத்து ஊரிலும் பெய்கிறதே, அது ஏன்? யெல்லோமேன், அதற்கு நீயே ஒரு கதை உண்டாக்கிக்கொள் என்று சொல்லிவிடுகிறார். பிறகு தனியாக டோல்கனிடம் வருந்துகிறார்: பையனுக்குக் கதை கேட்கத் தெரியவில்லை, அது பனி எப்படி வந்தது என்கிற கதை இல்லை, ஒருவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்கிற கதை.

நாம் என்ன செய்கிறோம்? 'கரடி ஏன் அப்படி நடக்கிறது? கதையின் மூலம் விடையளி' என்று வினாத்தாளில் கேட்டு ஒரு மதிப்பெண் தருகிறோம். நானும் தந்திருக்கிறேன்.

கோயோட்டி ஏன் இவ்வளவு கெட்ட செயல்களைச் செய்கிறான், ஏன் மக்கள் சிரிக்கிறார்கள் என்று டோல்கன் கேட்டபோது யெல்லோமேன் தந்த விளக்கத்தின் சாரம் இது: சிரிப்பதற்காகச் சொல்லப்படும் கதைகள் அல்ல இவை. என் பிள்ளைகள் இவற்றைக் கேட்டால் நல்லவர்களாக வளர்வார்கள். கோயோட்டி இவற்றைச் செய்யாவிட்டால் உலகில் அவை நிகழக்கூடியவை என்பதே நமக்குத் தெரியாமல் போயிருக்கும். குழந்தைகள் கோயோட்டியின் பேராசையைப் பார்த்துச் சிரிக்கும் அந்தக் கணத்திலேயே எது தகாதது என்று முடிவுசெய்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து ஒருவர் 'எனவே பேராசை கூடாது' என்று சொன்னால், குழந்தை தானே கண்டதை அதனிடமிருந்து பறித்துக்கொள்வதுபோல் ஆகிறது.

கதைகளுக்கு இன்னும் ஆழமான அடுக்குகள் உண்டு. நோய் தீர்க்கும் சடங்குகளில் அவற்றின் பகுதிகள் இடம்பெறுகின்றன. 'கோயோட்டி வழி' என்றே ஒன்பது இரவுகள் நடக்கும் ஒரு சடங்கு இருந்தது. டோல்கன் அந்த அடுக்குகளை ஆராயப் போனபோது நவஹோ பெரியவர்கள் எச்சரித்தார்கள்: இதற்குமேல் தோண்டுவது சூனியம் தேடுபவரின் செயல்போல் ஆகும், உன் குடும்பத்தில் ஒருவரை இழக்கத் தயாரா? அவர் நிறுத்திக்கொண்டார். நிறுத்தியதைக் கட்டுரையாகவும் எழுதினார். பல ஆண்டுகளுக்குப் பின், யெல்லோமேன் இறந்த பிறகு, மூல ஒலிநாடாக்கள் கோடையிலும் யாராவது போட்டுக் கேட்கக்கூடியவை என்பது அவரை உறுத்தியது. 1997இல் அவற்றை யெல்லோமேனின் மனைவிக்கே திருப்பி அனுப்பினார். ஓர் ஆய்வாளர் தம் வாழ்நாள் சேகரிப்பைக் கைவிடுவதா என்று சக ஆய்வாளர்களிடையே விவாதம் எழுந்தது. எனக்கு அவர் செய்தது சரி என்றே படுகிறது. மாற்றுக் கருத்து உள்ளவர்களின் நியாயமும் புரிகிறது.

வாயில் வைத்த மணி

கோயோட்டி வெறும் கதைமாந்தர் அல்ல என்பதற்கு வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1864இல் அமெரிக்க ராணுவம் நவஹோக்களின் வயல்களையும் பீச் மரத் தோப்புகளையும் அழித்து, அவர்களை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவிலிருந்த சம்னர் கோட்டைக்கு நடத்திச் சென்றது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே அடைக்கப்பட்டார்கள். விளைச்சல் பொய்த்தது, தண்ணீர் உவர்ப்பு, பசி, நோய். 1868இல் அவர்களை வேறெங்கோ அனுப்பும் பேச்சும் எழுந்தது.

அப்போது நடந்ததாக நவஹோ முதியவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் நிகழ்ச்சி இது. மக்கள் பெரிய வட்டமாக நின்று ஒரு பெண் கோயோட்டியைச் சூழ்ந்தார்கள். தலைவர் பார்பொன்சீட்டோ அதைப் பிடித்து, அதன் வாயில் ஒரு வெண்சிப்பி மணியை வைத்து விட்டுவிட்டார். அது மெல்லத் திரும்பி, மேற்கு நோக்கி நடந்துபோனது. ஊர் இருந்த திசை அதுதான். விடுதலை கிடைத்துவிடும் என்று மக்கள் உறுதிகொண்டார்கள். 1868 ஜூன் 1 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அவர்கள் சொந்த மண்ணுக்கே திரும்பினார்கள்.

அதே ஒப்பந்தத்தில் ஆசிரியர்களாகிய நம் கண்ணில் படவேண்டிய ஒரு பிரிவும் உண்டு. 6 முதல் 16 வயதுவரை உள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். 30 பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடமும் ஓர் ஆசிரியரும் தரப்படும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் அது தொலைதூர விடுதிப் பள்ளிகளாக வந்தது. தாய்மொழி பேசினால் தண்டனை. குளிர்காலம் முழுவதும் பிள்ளை விடுதியில். கதை சொல்லும் பருவமும் அதே குளிர்காலம். கோடை விடுமுறையில் வீடு திரும்பும்போது தாத்தா கதை சொல்லமாட்டார். பள்ளி நாட்காட்டி ஒன்றே ஒரு தலைமுறையின் கதைகளை வெட்டிவிடப் போதுமானதாக இருந்தது.

1966இல் அரிசோனாவில் ரஃப் ராக் என்ற இடத்தில் நவஹோ மக்களே நிர்வகிக்கும் பள்ளி தொடங்கியது. அங்கு நவஹோ மொழி பாடமானது. பள்ளியின் பாடத்திட்ட மையம் கோயோட்டி கதைகளை நூலாகவும் வெளியிட்டது.

வகுப்பறைக்கு

மேலே நான் சொன்னவை நீண்ட காலமாக நூல்களில் வெளிவந்திருப்பவை. அவற்றையும் சுருக்கமாகவே தந்திருக்கிறேன். நீங்கள் வகுப்பில் சொல்ல விரும்பினால் டிசம்பர், ஜனவரி மாதங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். அரையாண்டுத் தேர்வு முடிந்த நாள்கள் இதற்குத் தோதானவை. 'அமெரிக்கப் பழங்குடியினர் கதை' என்று பொதுவாகச் சொல்லாமல் 'நவஹோ கதை' என்றே சொல்லுங்கள். ஹோபி, லகோட்டா என்று ஒவ்வோர் இனத்துக்கும் தனிக் கதைகள் உண்டு. இந்தக் கதைகளுக்குப் பருவம் இருப்பதையும் முதலிலேயே மாணவர்களிடம் சொல்லுங்கள். வேறெதையும்விட அதைத்தான் அவர்கள் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். உருவங்கள் வரைவது, நடிப்பது எல்லாம் பிறகு. மரணக் கதையை அண்மையில் வீட்டில் இழப்பு நேர்ந்த குழந்தை இருக்கும் வகுப்பில் தவிர்த்துவிடலாம்.

உயர்நிலை வகுப்புகளுக்கு ஒரு வேலை. தை, மாசி மாத இரவில், ஒன்பது மணிவாக்கில் தெற்கே பார்க்கச் சொல்லுங்கள். வானில் மிகப் பிரகாசமான விண்மீன் சிரியஸ்; அதற்குக் கீழே தெற்கில் தெரியும் அடுத்த பிரகாசமான விண்மீன் கானோபஸ். தமிழ்நாட்டில் அது அடிவானத்திலிருந்து 25 பாகை அளவுக்கு உயர்ந்து தெளிவாக நிற்கும். நவஹோ நாடு ஏறத்தாழ 36 பாகை வட அட்சத்தில் இருப்பதால் அங்கே அது அடிவானத்தை ஒட்டி ஒன்றிரண்டு பாகை மட்டுமே எழும்பி, புழுதிக்கு நடுவே சிவந்து மினுக்கி, கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். இந்த வேறுபாடு ஏன் என்று பூகோளத்தை வைத்துக்கொண்டு அவர்களே கண்டுபிடிக்கட்டும்.